டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தா மடங்கிடுது, என்ன செய்யணும்?

கேள்வி: அண்ணே, நவி மும்பை கலம்பொலியில புதுசா டிரெய்லர் ஓட்டறேன். நவா சேவா துறைமுகம் பக்கம் யார்டுல 40 அடி கன்டெய்னரை ரிவர்ஸ் போட்டா கேபினும் டிரெய்லரும் மடக்குக்கத்தி மாதிரி மடங்கிடுது. லாரி ஓட்டின கை பேச்சே கேக்க மாட்டேங்குது.

பதில் 1: தம்பி, ஸ்டீயரிங்கை அடியில பிடிங்க. டிரெய்லரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் கொஞ்சமா நகர்த்துங்க. ஆக்சிலரேட்டர் வேண்டாம், கிளட்சை முழுசா விட்டு ஐடிலிங்லயே ஊரணும். நேரா ரிவர்ஸ் போகும்போது எந்தக் கண்ணாடியில டிரெய்லர் கூடுதலா தெரியுதோ, ஸ்டீயரிங்கை அந்தக் கண்ணாடிப் பக்கமே திருப்பினா நேராகும். புதுசா வர்றவங்க நிறையத் திருப்பிட்டு, டிரெய்லர் திரும்புற வரைக்கும் காத்திருக்காம இன்னும் திருப்புவாங்க. மடங்குறது அதனாலதான்.

பதில் 2: கோணம் ரொம்ப ஒடிஞ்சா ஸ்டீயரிங்கால சரி பண்ண முடியாது. உடனே நிறுத்தி, முன்னால இழுத்து நேராக்குங்க. பிடிவாதமா தள்ளினா கேபினோட பின்மூலை கன்டெய்னர்ல இடிக்கும், டிரெய்லர் பிரேக்குக்குக் காத்து போற ஏர் ஹோஸ் அறுந்துடும்.

பதில் 3: முடிஞ்சவரை வலப்பக்கமா வளைச்சு எடுங்க, ஜன்னல்ல தலையை நீட்டினாலே வால் தெரியும். இடப்பக்கம் வளைஞ்சா அந்தக் கண்ணாடியில கன்டெய்னர் சுவர்தான் தெரியும். கிளீனரைக் கண்ணாடியில தெரியுற இடத்துல நிக்கச் சொல்லுங்க. ஆள் மறைஞ்சா அந்த நொடியே பிரேக்.

கேள்வி கேட்டவர்: அப்போ 20 அடி டிரெய்லர்ல பழகினா சுலபமா அண்ணே?

பதில் 1: இல்ல தம்பி, டிரெய்லர் நீளம் குறையக் குறைய சீக்கிரம் மடங்கும். 40 அடியிலயே காலியா பழகுங்க.