ஃபவுன்டன்ஸ் மடாலயத்திற்கு மீண்டும் செல்கிறோம்: எதைப் பார்க்கலாம்?

கேள்வி:
ஜூலை விடுமுறையில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள ஃபவுன்டன்ஸ் மடாலய இடிபாடுகளை மீண்டும் காணச் செல்லவிருக்கிறோம். 1132இல் துறவிகள் நிறுவி, எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1539இல் மூடப்பட்ட அவ்விடத்தின் மீது எனக்குத் தீராத பற்று உண்டு. சென்ற முறை தேவாலயப் பகுதியிலேயே பொழுது கழிந்துவிட்டதால், இம்முறை எதை நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்ல இயலுமா?

மறுமொழி 1:
மேற்குப் புறத்திலுள்ள பண்டகசாலையைத் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்திற்கு அதன் கல் வளைவுக் கூரை இன்றும் சிதையாமல் நிற்கிறது. கம்பளி வணிகத்தால் செழித்த மடத்தின் பொருட்களைச் சேமிக்கவும், வயலிலும் தொழுவத்திலும் உழைத்த எளிய சகோதரர்கள் அமர்ந்து உண்ணவும் பயன்பட்ட அக்கூடம், என் பார்வையில், உயர்ந்த கோபுரத்தைவிட அம்மடத்தின் அன்றாட வாழ்வை நெருக்கமாக உணர்த்துகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமனதாக ஆமோதிக்கிறேன். கூடவே, இம்முறை மடத்தை அடுத்துள்ள ஸ்டட்லி ராயல் பூங்காவின் பக்கமாக நுழைந்து, 18ஆம் நூற்றாண்டில் அப்பூங்காவின் உரிமையாளர் ஜான் ஐஸ்லபி தொடங்கிய நீர்த்தோட்டத்தைக் கடந்து, ஸ்கெல் ஆற்றின் ஓட்டத்திற்கு எதிராக மடத்தை நோக்கி நடந்து செல்லுங்கள். கோடையில் மாலை வெளிச்சம் நெடுநேரம் நீடிக்கும். ஆயினும் மூடும் நேரத்தை முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.