‘செனிமான் பூஜாங் லாப்போக்’ படத்தைத் தமிழ் மூத்தோர் ரசிப்பார்களா?

ஈசூன்வாசி:
வணக்கம். எங்கள் புளோக்கில் வசிக்கும் மூத்தோருக்காக மலாய் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லியின் ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961) படத்தைத் திரையிட எண்ணியுள்ளோம். ரம்லி, அஜிஸ், சுடின் என்னும் மூன்று பிரம்மச்சாரிகள் நடிகர்களாக முயலும் கதை அது. மலாய் அவ்வளவாகப் பழக்கமில்லாத தமிழர்கள் இதை ரசிப்பார்களா? தொடங்குமுன் எதையேனும் விளக்க வேண்டுமா?

பாலஸ்டியர்க்காரர்:
தாராளமாகத் திரையிடுங்கள். பேச்சு புரியாதவரையும் சிரிக்க வைப்பவை அந்த வாடகை வீட்டுக் காட்சிகளே. பல குடித்தனங்கள் மெல்லிய தடுப்புகளுக்கு இருபுறமும் நெருக்கியடித்து வாழ்வதால், ஒருவர் டிரம்பெட் ஊதிப் பழகினால் பக்கத்து அறைக்காரருக்கு உறக்கம் போய்விடுகிறது. இயக்குநராக ரம்லி அந்த நெரிசலை அவலமாகக் காட்டி அழவைக்காமல், சத்தத்தின்மேல் சத்தமாக அடுக்கிக்கொண்டே போவதுதான் அதன் அழகு. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டித்தரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டதே 1960இல்தான். ஆகவே படம் வந்த நாளில் நகரவாசிகள் பலருக்குக் கடைவீட்டு மாடியறையோ கம்பத்து (கிராமத்து) வீடோதான் இருப்பிடம். அப்படி வளர்ந்த மூத்தோருக்கு விளக்கவுரை எதற்கு? கதையில் வரும் படப்பிடிப்பு நிலையமும் உண்மையானதே: ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் நடத்தி, 1967இல் மூடிய நிலையம்.

வாசகி:
சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ (1950) படத்தில்தான் ரம்லி முதன்முதலில் கதாநாயகனானார் என்பதை அவையில் சொல்லுங்கள், ஐயா. அந்நிலையத்தின் தொடக்ககால இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பாட்டும் சிரிப்பும் கலந்த கதையோட்டம் நமக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். ஆனால் ஓர் உறுத்தல் உண்டு. நிலையத்தின் சீக்கிய வாயிற்காவலராக மலாய் நடிகர் ஒருவர் கொச்சை மலாய் பேசி நடித்திருக்கிறார். பல இனத்தவர் கூடும் இடத்தில் அந்தக் காட்சிக்குச் சிரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

பாலஸ்டியர்க்காரர்:
கூச்சம் நியாயமானதே, அம்மா. இருப்பினும் அக்காட்சியை இன்னொரு முறை பாருங்கள். மரியாதையின்றி நுழைய முயலும் மூவரையும் கண்டித்துப் பண்பு கற்பிப்பவர் அந்தக் காவலர்தான். அங்கே அதிகம் அசடு வழிபவர்கள் கதாநாயகர்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. வசனவரிகள் உள்ள பிரதியைத் தேடுகிறேன். கிருஷ்ணனைப் பற்றிய செய்தியை அறிமுக உரையில் சேர்த்துக்கொள்கிறேன்.