புதுப்பிப்பு: எம்மேப் ஆவணம் கிடைத்துவிட்டது

லினக்ஸில் ஃபைலை நினைவகத்தோடு இணைத்து (மேப் செய்து) கையாள உதவும் எம்மேப், எம்அன்மேப், எம்சிங்க் ஆகிய மூன்று ஃபங்ஷன்களுக்கும் முழு விவரம் எங்கே இருக்கிறது, ஆவணப் பக்கங்களைக் காட்டும் 'மேன்' கட்டளையில் 'மேன் எம்மேப்' என்று அடித்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டெபியன், உபுண்டு இரண்டிலும் இந்தப் பக்கங்கள் 'மேன்பேஜஸ்-டெவ்' என்ற தனி பேக்கேஜில் இருக்கின்றன. அதை இன்ஸ்டால் செய்ததும் 'மேன் 2 எம்மேப்' திறந்தது. 2 என்பது சிஸ்டம் கால்களுக்கான, அதாவது புரோகிராம் லினக்ஸ் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளுக்கான பிரிவு.

சரி, ஆவணம் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்றால், புதிதாக உருவாக்கிய ஃபைலை மேப் செய்து முதல் பைட்டை எழுதும்போதே புரோகிராம் சிக்பஸ் என்ற நினைவகப் பிழை சிக்னலோடு விழுந்துகொண்டிருந்தது. எம்மேப் எந்தப் பிழையும் காட்டவில்லை. அதனால் இரண்டு நாளாக அது தந்த பாயின்டரையே (நினைவக முகவரியையே) சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். காரணம் அந்தப் பக்கத்திலேயே, சிக்னல்கள் பற்றிய பத்தியில் இருக்கிறது: ஃபைலின் முடிவைத் தாண்டிய நினைவகப் பக்கத்தைத் தொட்டால் சிக்பஸ் வரும். என் ஃபைலின் அளவு 0. எம்மேப் ஃபைலை நீட்டித் தராது. நாம்தான் முதலில் நீட்ட வேண்டும். ஃபைலின் அளவை மாற்றும் எஃப்ட்ரன்கேட் போட்டு 4096 பைட் ஆக்கினேன், உடனே ஓடியது.

இன்னொன்று. எம்மேப் தோற்றால் நல் பாயின்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) வராது, மைனஸ் 1 தான் வரும். நல் பாயின்டரா என்று மட்டும் சோதித்த என் வரியையும் திருத்திவிட்டேன். இதே வேலையில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தின் பிழைகள் பகுதியை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.