தாயும் குழந்தையும் காரோடு காணாமற்போன பழைய வழக்கு: எங்கிருந்து தொடங்குவது?

தேடல்_துணை (கேள்வி)

பத்தாண்டுக்கு மேல் ஆன வழக்கு. இளம் தாய், ஒன்றரை வயதுக் குழந்தை, அவர் ஓட்டிப்போன கார் மூன்றுமே கிடைக்கவில்லை. போலீஸ் கோப்பை மூடவில்லை, ஆனால் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு நாங்கள் சிலர் சேர்ந்து ஆவணங்களைப் புதிதாகப் படிக்கிறோம். கையில் உள்ளவை: புகார் நகல், பத்திரிகைச் செய்திகள், கடைசி மாத போன் பில், உறவினர்கள் எழுதிக்கொடுத்த குறிப்புகள்.

கணவர்தான் செய்தார் என்று ஒரு கூட்டமும், யாருடனோ போய்விட்டார் என்று இன்னொரு கூட்டமும் இணையத்தில் அடித்துக்கொள்கின்றன. அந்தச் சண்டைக்குள் போக விருப்பமில்லை. எங்கிருந்து தொடங்குவது? எதைத் தொடக்கூடாது? பெயர், ஊர் எதையும் இங்கே சொல்லமாட்டேன், தயவுசெய்து கேட்கவேண்டாம்.

காலக்கோடு

யார் செய்தார் என்பதை அப்படியே ஒதுக்கி வையுங்கள். கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்கு இருந்தார்கள் என்பதற்கு அசைக்கமுடியாத சான்று எது? அதுதான் தொடக்கப்புள்ளி. பத்திரிகையில் ‘கடைசியாகப் பார்த்த இடம்’ என்று வந்திருப்பது பல வழக்குகளில் ஒரே ஒருவரின் வாய்மொழிதான். அந்த ஒருவர் தவறினால் தேடல் முழுக்கத் தவறான திசையில் போயிருக்கும்.

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். நேரம், இடம், சொன்னவர், அவர் அதை எப்போது சொன்னார், எதை வைத்துச் சொன்னார். நான்காவது நெடுவரிசையைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். காணாமற்போன மறுநாளே, படம் எங்கும் வராதபோது சொன்னதும், தொலைக்காட்சியில் படம் பார்த்துவிட்டு மூன்று வாரம் கழித்துச் சொன்னதும் ஒரே எடை அல்ல. பிந்தையதை வேறு நிறத்தில் குறியுங்கள். “அந்த வியாழன் பார்த்தேன்” என்றால் எப்படி அது அந்த வியாழன் என்று தெரியும்? பில், மருத்துவர் சீட்டு, பள்ளி விழா ஏதாவது ஒன்றில் தேதி கட்டுப்பட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் முந்தைய வியாழனாகவும் இருக்கலாம். நாள் சரியாக நினைவிருக்கும், வாரம் மாறிவிடும்.

கடிகாரங்களையும் நம்பவேண்டாம். சிசிடிவியின் நேரம், கடை பில் இயந்திரத்தின் நேரம், போன் நிறுவனத்தின் நேரம் மூன்றும் தனித்தனி. சில நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை வித்தியாசம் வரும். ஒரே நிகழ்வு இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் (பணம் கட்டியது கேமராவிலும் பில்லிலும்) அதை வைத்து ஒன்றுக்கொன்று சரிசெய்யுங்கள். பதினைந்து நிமிடப் பிழையை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று எழுதிவிட்டால் திரும்பப் பெறமுடியாது.

இது குழந்தையோடு போன தாய் என்பதை மறக்காதீர்கள். தனி ஆள் போலச் சட்டென்று கிளம்பமுடியாது. டயப்பர் எத்தனை போனது, பால் டப்பா போனதா புட்டி மட்டும் போனதா, குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து, தடுப்பூசி அட்டை, பாஸ்போர்ட், காரின் குழந்தை இருக்கை. இரண்டு டயப்பரும் ஒரு புட்டியும் எடுத்தவர் அரைநாளில் திரும்ப நினைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். தடுப்பூசி அட்டையும் போயிருந்தால் கதை வேறு. ஆனால் இந்தப் பட்டியலை வீட்டில் யார், எத்தனை நாள் கழித்துச் சரிபார்த்தார் என்பதையும் எழுதுங்கள். குழந்தை தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம் தெரிந்தால் கிளம்பிய நேரத்தை இன்னும் குறுக்கலாம்.

கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது? தொட்டியில் 20 லிட்டர், லிட்டருக்கு 12 கிமீ என்றால் 240 கிமீ. அதற்குமேல் போக மறுபடி எங்காவது பெட்ரோல் போட்டிருக்கவேண்டும்.

கரையோரம்

மேலே ‘காலக்கோடு’ சொன்ன அட்டவணை முடிந்ததும் நேராகத் தண்ணீருக்கு வாருங்கள். கார் கிடைக்கவில்லை என்பதுதான் இந்த வழக்கின் மிகப் பெரிய துப்பு. ஒரு டன் இரும்பு மறைய வழிகள் குறைவு: பேர்மாற்றி விற்றிருக்கவேண்டும், உடைத்து பழைய இரும்புக்குப் போட்டிருக்கவேண்டும், எங்காவது பூட்டிய கொட்டகையில் இருக்கவேண்டும், அல்லது தண்ணீருக்குள் இருக்கவேண்டும். பதிவுப் புதுப்பிப்பு, காப்பீடு, அபராதம் எதிலும் காரின் பதிவு எண்ணும், அதன் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண்ணும் தலைகாட்டவில்லை என்று போலீஸ் உறுதிசெய்திருந்தால், கடைசி வாய்ப்பை முதலில் பாருங்கள். அதற்குக் குற்றம் நடந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. மழை இரவு, தூக்கக் கலக்கம், அழும் குழந்தையைத் திரும்பிப் பார்த்த ஒரு நொடி போதும்.

1998ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் இளம் தாயும் இரண்டு வயது நிரம்பாத மகளும் காரோடு காணாமற்போனார்கள். 2021ல் தன்னார்வ முக்குளிப்பவர்கள் ஏரிக்குள் அந்தக் காரைக் கண்டுபிடித்தார்கள். 23 வருடம். 1997ல் புளோரிடாவில் காணாமற்போன ஒருவரின் கார், 2019ல் வீடுகளுக்குப் பின்னாலிருந்த குளத்தில் கிடைத்தது. பல வருடங்களாகவே அது செயற்கைக்கோள் படத்தில் தெரிந்துகொண்டிருந்தது, யாரும் கூர்ந்து பார்க்கவில்லை.

செய்முறை: உறுதியான கடைசிப் புள்ளியிலிருந்து அவர் போகவேண்டிய இடம்வரை இருக்கும் எல்லா வழிகளையும் வரையுங்கள். ஊர்க்காரர் போகும் குறுக்குவழிகளையும் சேர்த்து. ஒவ்வொரு வழியிலும் சாலை விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வரும் நீர்நிலைகளைக் குறியுங்கள். வளைவுகள், தண்ணீரில் போய் முட்டும் சாலைகள், படகு இறக்கும் சரிவுகள், பாலத்துக்கு ஏறும் இடங்கள், கால்வாய்க் கரைச் சாலைகள் முன்னுரிமை. இன்றைய வரைபடத்தைப் பார்க்காதீர்கள். அந்த வருடத்துப் பழைய செயற்கைக்கோள் படத்தை எடுங்கள். இன்று தடுப்புக்கம்பி இருக்கும் வளைவில் அன்று ஒன்றுமே இருந்திருக்காது. குளம் தூர்ந்து மேலே கட்டடம் வந்திருக்கலாம். அன்றைய மழை, நீர்மட்டம் இரண்டும் வேண்டும்.

தண்ணீரில் விழுந்த கார் உடனே மூழ்காது. பொதுவாக 30 நொடி முதல் 2 நிமிடம்வரை மிதக்கும், பிறகு எஞ்சின் பக்கம் முதலில் இறங்கும். ஏறத்தாழ நாலரை மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் தலைகீழாகப் போய்க் கூரைமேல் உட்காருவதும் உண்டு. அதனால் கரையோரத்தில் மட்டும் பார்த்துவிட்டு “இல்லை” என்று எழுதுவது பிழை. ஓடும் நீரில் விழுந்த இடத்துக்குக் கீழேயும் தேடவேண்டும்.

பக்கவாட்டு சோனாரோடு (ஒலியலை அனுப்பி நீரடியைப் படமாகக் காட்டும் கருவி) தேடும் குழு கிடைத்தால்: படகு மணிக்கு 4 முதல் 6 கிமீ, நேர்க்கோடு, ஒவ்வொரு பக்கமும் 25–30 மீட்டர் வீச்சு, அடுத்த ஓட்டம் முந்தையதை மூன்றில் ஒரு பங்காவது மூடவேண்டும். 455 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் பரப்பைப் பாருங்கள், சந்தேகம் வந்த இடத்தை நுணுக்கமாகப் பார்க்க 800க்கு மாறுங்கள். படகு திரும்பும்போது பதிவாகும் படம் நீண்டும் நெளிந்தும் போகும், அதை எடுத்துக்கொள்ளவேண்டாம். பொருளைவிட அதன் நிழலைப் படியுங்கள்: நாலு மீட்டர் சுமார் நீளம், நேர் விளிம்பு, பின்னால் கூர்மையான நிழல். நீர்ப்பாசியும் வண்டலும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆகவே “தேடினோம், இல்லை” என்று எழுதாமல், எந்தப் பகுதி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வையுங்கள். அன்றைக்கு நடந்த தேடலின் பதிவிலும் இதையேதான் கேட்கவேண்டும். “ஏரியைத் தேடிவிட்டார்கள்” என்பது கரையில் நடந்து பார்த்ததாகக்கூட இருக்கலாம்.

அலைவரிசை

போன் பில்லில் அழைப்பு நேரம் இருக்கும், டவர் இருக்காது. டவர் விவரத்தை அப்போதே போலீஸ் வாங்கியதா என்று குடும்பத்தின் மூலம் கேளுங்கள். வாங்காவிட்டால் இப்போது நிறுவனத்திடம் இருப்பது சந்தேகம்.

டவர் கிடைத்தாலும் அது புள்ளி அல்ல. வழக்கமான டவருக்கு மூன்று முகம், ஒவ்வொன்றும் 120 பாகை. கிடைப்பது ஒரு விசிறி வடிவம்தான். டவருக்கும் போனுக்கும் உள்ள தூரக் கணக்கும் பதிவாகியிருந்தால் ஜிஎஸ்எம்மில் (2ஜி) 550 மீட்டர் படிகள், எல்டிஇயில் (4ஜி) சுமார் 78 மீட்டர். அருகிலுள்ள டவரைத்தான் போன் பிடிக்கும் என்பதும் இல்லை. நெரிசலிலும் நீர்ப்பரப்பின் அருகிலும் தொலைவிலுள்ள டவரைப் பிடிக்கும்.

தேடல்_துணை

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். காணாமற்போன பிறகு அவர் போனிலிருந்து இரண்டு குறுஞ்செய்தி வந்ததாம். சிறு தொகைகள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. “அவளே இருக்கிறாள், போகட்டும்” என்று குடும்பம் அப்போது அமைதியாகிவிட்டது.

காலக்கோடு

அப்படியானால் என் அட்டவணையில் அந்தச் செய்திகளைச் ‘சான்று இல்லை’ என்ற வரிசையில் வையுங்கள். போன் உயிரோடு இருந்தது, வங்கி அட்டை உயிரோடு இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் 2010ல் நியூ சவுத் வேல்ஸ் காட்டில் ஒரு பெண்ணின் எலும்புகளும், 2015ல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கு ஆஸ்திரேலியாவில் நெடுஞ்சாலையோரப் பெட்டியில் ஒரு குழந்தையின் எலும்புகளும் கிடைத்தன. இருவரும் தாயும் மகளும் என்று 2015 அக்டோபரில்தான் தெரிந்தது. 2009ல் குடும்பம் கொடுத்த புகார், அவர் நலமாக இருப்பதாக நம்பவைக்கப்பட்டதால் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. அவர் போனும் வங்கிக்கணக்கும் வேறு கைகளில் இயங்கிக்கொண்டிருந்தன.

அந்தச் செய்திகளின் எழுத்துநடையை முந்தையவற்றோடு ஒப்பிடுங்கள்: அம்மாவை எப்படி அழைப்பார், தமிழிலா ஆங்கில எழுத்திலா, குழந்தையின் செல்லப்பெயர் வருகிறதா. பணம் எடுத்த ஒவ்வொரு இடத்தையும் நேரத்தையும் உங்கள் வழித்தடத்தின்மேல் வையுங்கள். கரையோரம் சொன்ன தண்ணீர்க் கணக்கும் இதனால் மாறும். போன் விபத்துக்குப் பிறகும் இயங்கியிருந்தால், அது காருக்குள் இல்லை என்று அர்த்தம். நேரங்களை முதலில் உறுதிசெய்யுங்கள். தாமதமாக வந்துசேர்ந்த பழைய செய்தியாகவும் இருக்கலாம்.

மரபணு_மேசை

மேலே சொன்ன ஆஸ்திரேலிய வழக்கு என் துறைக்கும் பாடம். தாயையும் குழந்தையையும் சேர்த்தே தேடினால் தனித்தனியாகக் கிடைத்த உடல்கள் பொருந்தாமல் போகும். அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலில் இருவரையும் இரண்டு தனி வழக்காக, வேறு மாநிலம், வேறு வருடம் என்று விரித்துத் தேடுங்கள்.

தாய்வழிப் பாட்டி உயிரோடு இருந்தால் உடனே மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள், வயது ஏறிக்கொண்டே போகிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டும் வருவதால், பாட்டியின் ஒரே மாதிரி மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் ஒத்துப்பார்க்க உதவும். பழைய, வெயிலில் காய்ந்த எலும்பிலும் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அதே தாய்வழியில் வருகிற எல்லாருக்கும் அது பொது என்பதால், அதை மட்டும் வைத்து முடிவுசொல்லமுடியாது. உறுதிக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏ வேண்டும்: தாய்க்கு அவருடைய பெற்றோர், குழந்தைக்கு அதன் தந்தை. தந்தைமேல் சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய மாதிரி தேவை.

வீட்டில் இருக்கும் பழைய சீப்பு, பல் துலக்கி, குழந்தையின் தொப்புள்கொடித் துண்டு எதுவானாலும் கழுவாமல் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எடுத்தவர், தேதி, இடம் உறைமேல் இருக்கட்டும்.

குழந்தை உயிரோடு வேறு பெயரில் வளர்ந்திருக்கலாம் என்பதையும் விடாதீர்கள். வயது கூட்டி வரையும் படத்துக்குப் பெற்றோர் அதே வயதில் எடுத்த படங்கள் வேண்டும். இன்று பதினொரு வயது என்றால் தாயும் தந்தையும் பதினொரு வயதில் எப்படி இருந்தார்கள் என்பது. அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகள் மையம் 18 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படத்தைப் புதுப்பிக்கிறது.

அடைக்கலம்

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள். எனக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: அந்தத் தாய் அடிக்குத் தப்பி ஓடியிருந்தால், நீங்கள் கண்டுபிடிப்பது யாருக்காக?

முன்பு புகார், மருத்துவமனைச் சிகிச்சை, பாதுகாப்பு உத்தரவு எதாவது இருந்ததா என்று தாய்வீட்டாரிடம் தனியாகக் கேளுங்கள், கணவர்வீட்டார் இருக்கும் குழுவில் அல்ல. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு துப்பு கிடைத்தால் அது போலீஸுக்கு மட்டும் போகட்டும். குடும்பத்துக்கும்கூட நீங்கள் சொல்லவேண்டாம். பல நாடுகளில் போலீஸ் நேரில் பார்த்து, அவர் விரும்பாவிட்டால் முகவரியைச் சொல்லாமல் “நலம்” என்று மட்டும் தெரிவிக்கும். அந்த வழியை நீங்கள் அடைத்துவிடக்கூடாது.

பொதுவில் போடும் அறிவிப்பில் படம், உயரம், அடையாளம், கார் வகை, போலீஸின் தொலைபேசி எண் போதும். குடும்பத்தாரின் சொந்த எண் வேண்டாம், பணம் பறிப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். யாரையும் சந்தேகநபர் என்று எழுதவேண்டாம். 2013ல் பாஸ்டன் குண்டுவெடிப்பின்போது இணையத்தில் ஒரு கூட்டம், காணாமற்போயிருந்த மாணவர் ஒருவரைக் குற்றவாளி என்று சுட்டியது. அவருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, அவர் முன்பே இறந்திருந்தார். அவரைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அந்த வசவுகளையும் சேர்த்துத் தாங்கியது.

தேடல்_துணை

மிக்க நன்றி. இன்று வழித்தடம் வரைந்து பார்த்ததில் ஒரு கால்வாய் வளைவும், ஒரு கல்குவாரிக் குட்டையும் 50 மீட்டருக்குள் வருகின்றன. இரண்டுக்கும் அன்று தடுப்பு இல்லை. எங்களில் இருவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். நாங்களே இறங்கிப் பார்க்கலாமா?

கரையோரம்

வேண்டவே வேண்டாம். குவாரிக் குட்டையில் செங்குத்தான ஆழம், அடியில் சில்லிடும் தண்ணீர், பழைய கம்பிகள். கால்வாயில் மதகு திறந்தால் இழுத்துவிடும். கலங்கிய நீரில் சிதைந்த காருக்குள் கை விட்டால் சிக்கிக்கொள்வீர்கள்.

சான்றுக்கும் கேடு. பத்து வருடம் கிடந்த காருக்குள் வண்டல் நிரம்பியிருக்கும், எலும்பும் குழந்தையின் பொருட்களும் அந்தச் சேற்றில்தான் இருக்கும். கதவைத் திறந்தாலோ அவசரமாக இழுத்தாலோ துருப்பிடித்த தரை பிய்ந்து எல்லாம் கொட்டிவிடும். கைதேர்ந்தவர்கள் முதலில் நம்பர் பிளேட்டைப் படித்துப் படமெடுத்து, இடத்தை மிதவையால் குறித்துவிட்டுப் போலீஸை அழைப்பார்கள். தூக்கிய பிறகு வண்டலைச் சல்லடையில் அலசவேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது ஒரே பக்கம்: இரண்டு இடத்தின் ஜிபிஎஸ் எண்கள், அன்றைய படமும் இன்றைய படமும் அருகருகே, கடைசி உறுதியான நேரம், அங்கிருந்து அந்த வளைவுக்குக் காரில் எத்தனை நிமிடம், அன்று மழை இருந்ததா. குறுஞ்செய்தி விவகாரத்தை மறைக்காமல் கீழே எழுதுங்கள். குடும்பத்தின் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும், கால்வாயை மராமத்துக்கு மூடும்போதும் தேடுவது சுலபம். அந்தத் தேதியை நீர்வளத் துறையில் கேட்டு அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.