மோர்க்குழம்பு திரிந்து போகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: புதுச்சமையல்

வெண்பூசணி போட்ட மோர்க்குழம்பு. அரைத்ததை மோரில் கலந்து, காயோடு சேர்த்துக் கொதிக்க விடுகிறேன். கொதி வந்த இரண்டாவது நிமிடமே தண்ணீர் தனியாகவும் திப்பி திப்பியாகத் தயிர் தனியாகவும் நிற்கிறது. அதற்குப் பயந்து சீக்கிரம் இறக்கினால் பருப்பின் பச்சை வாசனை போகவில்லை. நாலு பேருக்கு அளவோடு சொல்ல முடியுமா? பாக்கெட் தயிர்தான் கிடைக்கிறது.

பதில் 1: கல்சட்டி

உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றுதான். அரைத்த விழுது நன்றாகக் கொதிக்க வேண்டும், மோர் கொதிக்கவே கூடாது. இரண்டையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றினால் ஏதாவது ஒன்று கெடும். அதனால் பிரித்துச் செய்யுங்கள்.

துவரம்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், பச்சரிசி 1 டீஸ்பூன், தனியா 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன். நாலையும் அரை மணி நேரம் ஊற வைத்து, பச்சைமிளகாய் 4, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து மைய அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கக் கூடாது. பருப்பு ஊறாமல் அரைத்தால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்த நறநறப்பு போகாது. பிறகு குழம்பு திரியாமலே திரிந்த மாதிரி தெரியும்.

வெண்பூசணி கால் கிலோ. அரை கப் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், பாதி உப்பு போட்டுத் திறந்த பாத்திரத்தில் வேக விடுங்கள். துண்டு கண்ணாடி மாதிரி ஆனால் போதும். குக்கரில் வைத்தால் கரைந்துவிடும். அந்தக் காயும் தண்ணீருமாக இருக்கும்போதே விழுதைப் போட்டு, மிக்ஸி கழுவின தண்ணீரையும் விட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். அடி பிடிக்கும், கை எடுக்க வேண்டாம். பச்சை வாசனை இந்த இடத்திலேயே போய்விட வேண்டும். பிறகு அதற்கு வாய்ப்பே கிடையாது.

அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். 2 கப் தயிரை ஒரு கப் தண்ணீர் விட்டு, கட்டியில்லாமல் கடைந்து, கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். இப்போது மிகச் சிறிய தீ. ஓரத்தில் நுரை கட்டி, அது நடுவரைக்கும் கூடி வரும்போது இறக்கிவிட வேண்டும். ஒரு குமிழ் வெடித்துக் கொதித்தாலே தாமதம். மீதி உப்பை இறக்கின பிறகு ருசி பார்த்துப் போடுங்கள். தயிரின் புளிப்பு தினம் ஒரு மாதிரி இருக்கும்.

பதில் 2: மோர்மிளகாய்

முறை சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விழுதில் இருக்கிற அரிசி முழுவதும் காயோடு கொதித்துவிடுவதால், மோருக்கும் தனியாக ஒரு பிடிமானம் கொடுப்பது நல்லது. தயிரைக் கடையும்போதே ஒரு டீஸ்பூன் கடலைமாவோ அரை டீஸ்பூன் அரிசிமாவோ போட்டுக் கடையுங்கள். சூடு ஏறும்போது தயிரின் புரதம் சுருங்கி இறுகித் தண்ணீரை வெளியே தள்ளும். அதைத்தான் திரிதல் என்கிறோம். மாவு சூட்டில் உப்பி நடுவில் நின்று அந்தத் துகள்களை ஒட்ட விடாது. இதற்கு மேல் மாவு போட்டால் ஆறினதும் குழம்பு கூழாகிவிடும். பருப்பு விழுது வேறு ஆற ஆற இறுகும். ஆகவே இறக்கும்போது கொஞ்சம் நீர்க்க இருப்பதே சரியான பதம்.

பாக்கெட் தயிரைப் பற்றி: கொழுப்பு குறைத்த தயிர் சீக்கிரம் திரியும், வாங்காதீர்கள். சாதாரண தயிரும் பெரும்பாலும் புளிப்பில்லாமல் இருக்கும். காலையில் வெளியே எடுத்து வைத்தால் மதியத்துக்குள் ஓரளவு புளிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லென்ற தயிரைச் சூட்டில் ஊற்றவே வேண்டாம். புளிப்பு போதவில்லை என்று புளித்தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. அது வேறு குழம்பு.

கல்சட்டியில் செய்தால் இன்னும் முன்னாலேயே அணைக்க வேண்டும். கல்லின் சூடு அணைத்த பிறகும் குழம்பைக் கொதிக்க வைத்துவிடும். அலுமினியப் பாத்திரம் புளிப்புக்கு ஆகாது. இறக்கின உடனே மூடவும் வேண்டாம், சூடு உள்ளேயே நின்று திரியும்.

பதில் 3: தேங்காயெண்ணெய்

தாளிப்பு யாரும் சொல்லவில்லை. இந்தக் குழம்புக்குப் பாதி ருசி அதில்தான். தேங்காயெண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு வெடித்ததும் வெந்தயம் கால் டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 2, பெருங்காயம், கறிவேப்பிலை. வெந்தயம் லேசாகச் சிவந்தால் வாசனை, கருகினால் கசப்பு. மோரில் அந்தக் கசப்பு மறைவதே இல்லை. கருகிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி தாளியுங்கள்.

புதுச்சமையல்

மிக்க நன்றி. ஏற்கெனவே திரிந்துவிட்ட குழம்பை மீட்க வழி உண்டா? மிச்சத்தை இரவு எப்படிச் சூடு பண்ணுவது? வெண்டைக்காய் போடலாமா?

கல்சட்டி

ஓரளவு மீட்கலாம். நன்றாக ஆற விடுங்கள்; சூடாக மிக்ஸியில் விட்டால் மூடி தூக்கி அடிக்கும். காயை எடுத்து வைத்துவிட்டு, ஒரு டீஸ்பூன் அரிசிமாவைக் கரைத்து ஊற்றி, பத்துப் பதினைந்து வினாடி ஓட்டுங்கள். காயை மறுபடி போட்டுச் சிறு தீயில் நுரை வரும்வரை வைத்தால் பார்வைக்குச் சேர்ந்துவிடும். நாக்கில் கொஞ்சம் மாவுத்தனம் தெரியத்தான் செய்யும்.

மிச்சத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க விட்டு, குழம்புக் கிண்ணத்தை அதில் இறக்கிக் கிளறுங்கள். வெதுவெதுப்பு போதும்.

வெண்டைக்காய் தாராளமாகப் போடலாம், ஆனால் வேக வைக்கக் கூடாது. கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு ஒரு அங்குலத் துண்டாக நறுக்கி, எண்ணெயில் வழவழப்பு போகும்வரை மூடாமல் வதக்கிக்கொள்ளுங்கள். விழுதை ஒரு கப் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்து மோர் சேர்த்து இறக்கின பிறகு, கடைசியில் வெண்டைக்காயைப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் வழவழப்பு குழம்பில் இறங்கி நூல் நூலாக இழுக்கும்.