கடப்பாக் கல் மேடையை உடைக்காமல் சமையலறையை மாற்றிய அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு 1994இல் அப்பா கட்டியது. சமையலறை பத்துக்கு எட்டு அடி. கடப்பாக் கல் மேடை, கீழே அதே கல்லில் தடுப்பும் தட்டுகளும். கதவு கிடையாது, அம்மா பழைய சேலையைக் கிழித்து ஸ்பிரிங் கம்பியில் திரை போட்டிருந்தார். போன வருஷம் மாடுலர் கிச்சன் செய்பவர் ஒருவர் வந்து அளந்துவிட்டு, எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகச் செய்ய மூன்றே முக்கால் லட்சம் கேட்டார். மேடையை உடைக்கிற பேச்சு வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம் ஒரு வாரம் நானே அம்மாவோடு நின்று சமைத்துப் பார்த்தேன். மேடையால் ஒரு தொந்தரவும் இல்லை. இருட்டுதான் தொந்தரவு. டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், காய் நறுக்கும்போது நம் நிழல் பலகை மேலேயே விழுந்தது. பரணுக்கு அடியில் எல்இடி பட்டை ஒட்டினோம். முதலில் சுவரோரமாக ஒட்டிவிட்டோம். டைல்ஸ்தான் பளபளத்தது, பலகை இருட்டாகவே இருந்தது. பெயர்த்து முன் விளிம்புக்குக் கொண்டுவந்த பிறகு சரியானது. இப்போது அம்மா ராத்திரியிலும் கீரை ஆய்கிறார்.

அடுத்தது கீழ்த் தட்டுகள். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து உள்ளேயிருந்து குக்கரை இழுப்பது அம்மாவுக்குப் பெரிய பாடு. இழுத்தால் வெளியே வரும் ஸ்டீல் கூடைகள் வைக்க முடிவுசெய்தோம். நான் முன்பக்கம் மட்டும் அளந்து பதினெட்டு அங்குலத்துக்குக் கூடை வாங்கி வந்தேன். உள்ளே போகவே இல்லை. கல் தடுப்பு நேராக இல்லாததால் பின்பக்கம் பதினேழரைதான் இருந்தது. பழைய வீட்டில் மேலே, நடுவில், கீழே, முன்னால், பின்னால் எல்லா இடத்திலும் அளந்து, இருப்பதிலேயே குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் கீல் திருகவும் முடியாது. ஆசாரி முன்னால் மெல்லிய தேக்குச் சட்டம் பொருத்தி அதில்தான் கதவை மாட்டினார். சட்டத்துக்கான ஓட்டையைக்கூட டிரில்லை ஹேமரில், அதாவது இடித்துத் துளைக்கும் முறையில், வைக்காமல் மெதுவாகப் போட்டார். அதிர்ந்தால் கடப்பாக் கல் பாளம் பாளமாகப் பிளந்துவிடும்.

மேடைக்கு அடியில் சிலிண்டர் இருக்கும் அறைக்குக் கதவு போடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போக ஓட்டைகள் உள்ள ஜாலி வைக்கச் சொன்னோம். ரப்பர் குழாயின் மேல் போட்டிருந்த தேதியைப் பார்த்தால் ஐந்து வருஷம் தாண்டியிருந்தது, அதையும் மாற்றினோம்.

மிக்சி, கிரைண்டர், இண்டக்ஷன் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தன. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் தனியாக இழுத்து, தனி எம்சிபியோடு (கரண்ட் அளவு மீறினால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்ச்) 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தோம். சுவரை உடைத்தது இதற்கு மட்டும்தான்.

மொத்தம் தொண்ணூறாயிரத்துக்குள் முடிந்தது. ஆறு நாள் வேலையில் ஒரு நாள்கூட அடுப்பு நிற்கவில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்:

அக்கா, நாங்களும் இடிக்கவில்லை, பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினோம். கொத்தனார் முதலில் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பொக்கையாகச் சத்தம் கேட்டதையெல்லாம் பெயர்த்துவிட்டார். வெறும் சிமென்ட் பால் பிடிக்காது, டைல் ஒட்டும் பசைதான் வேண்டும் என்றார். நாங்கள் யோசிக்காமல் விட்டது சுவரின் கனத்தை. டைல்ஸும் பசையும் சேர்ந்து அரை அங்குலத்துக்கு மேல் ஏறியதால் சுவிட்ச் பெட்டிகள் உள்வாங்கிவிட்டன, சுவர்க் குழாய்க்கு நீட்டிப்புத் துண்டு போட வேண்டியதாயிற்று. எலெக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் டைல்ஸ் வேலைக்கு முன்பே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். டைல்ஸ் இடுக்குகளுக்கு எபாக்சி என்ற பிசின் பூச்சு போட்டோம். விலை அதிகம்தான், ஆனால் தாளிக்கிற எண்ணெயும் மஞ்சளும் ஏறவே இல்லை. முன்பு வெள்ளை சிமென்ட் ஆறே மாதத்தில் பழுத்துப்போயிருந்தது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்:

நாங்கள் வாடகை வீடு. சிங்க் குழாயை மட்டும் நெளிகழுத்துக் குழாயாக மாற்றினேன், பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய குக்கரைச் சாய்க்காமல் நேராக வைத்தே தண்ணீர் பிடிக்க முடிகிறது. ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் கடப்பாக் கல்லில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு இருக்கிறது, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

ஸ்ரீரங்கத்திலிருந்து:

தம்பி, அது அழுக்கு இல்லை, தேய்க்காதீர்கள். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளித்தண்ணீர், எலுமிச்சை, வினிகர் பட்டால் மேல்தோலை அரித்துவிடும், கிரானைட்டுக்கு அப்படி ஆகாது. கல் பாலிஷ் போடுபவரைக் கூப்பிட்டு மெஷினில் தேய்க்கச் சொல்லுங்கள். எங்கள் மேடைக்கு ஒரு மதியப் பொழுதுதான் ஆனது. கல்லின் பழைய கறுப்பு அப்படியே திரும்பி வந்தது. அதன் பிறகு புளி கரைப்பதென்றால் அம்மா கீழே ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொள்கிறார்.