புதுப்பிப்பு: வாகன மின்னணுவியலோடு இஎம்சி பாடமும் எடுத்தேன்

முதுகலையில் விருப்பப் பாடமாக மின்காந்த இணக்கத்தை, அதாவது இஎம்சியை (ஒரு மின்கருவியின் இரைச்சல் இன்னொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் துறை) எடுக்கலாமா, கேன் பஸ் (வாகனத்தின் மின்னணுப் பகுதிகள் தகவல் பரிமாறும் இணைப்பு), மோட்டார் கட்டுப்பாடு மட்டும் போதுமா என்று போன செமஸ்டரில் கேட்டிருந்தேன். எடுங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். எடுத்தேன், நன்றி.

ஆய்வகத்தில் நாங்கள் செய்த பக் கன்வர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று) 400 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆனது, அதாவது நொடிக்கு நான்கு லட்சம் முறை ஆன்-ஆஃப் ஆனது. அதன் மடங்குகளான 800, 1200 இரண்டும் ஏஎம் வானொலி அலைவரிசைக்குள்ளேயே விழுகின்றன. ரேடியோவைப் போட்டால் ஒரே இரைச்சல்! வாகனங்களுக்கான கன்வர்ட்டர் ஐசிகள் (சிப்கள்) பலவற்றில் ஸ்விட்ச் அலைவெண் 2.1 மெகாஹெர்ட்ஸ் ஏன் என்பது அன்றுதான் விளங்கியது. அடிப்படை அலைவெண்ணே ஏஎம் அலைவரிசையைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் திரும்பி வரும் பொதுப் பாதை. அதிக அலைவெண்ணில் திரும்பும் மின்னோட்டம் குறைந்த இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) உள்ள வழியைத் தேடும்; டிரேஸுக்கு (போர்டில் உள்ள செப்புக்கோட்டுக்கு) நேர் கீழேயே ஓடும். அந்த இடத்தில் கிரவுண்ட் தளத்தை (டிரேஸுக்கு அடியிலுள்ள செப்புப் படலத்தை) வெட்டினால் லூப் பெரிதாகி, போர்டே ஆன்டெனா ஆகிவிடும். எங்கள் முதல் போர்டில் இதே தவறுதான்.

சிஸ்பிஆர் 25 (வாகன மின்கருவிகளின் ரேடியோ இரைச்சலுக்கான சர்வதேசத் தரம்) சோதனையையும் பார்த்தோம்: சுமார் 1.7 மீட்டர் ஒயர்க்கட்டு, உலோகத் தளத்துக்கு 5 சென்டிமீட்டர் மேலே, ஆன்டெனா 1 மீட்டர் தள்ளி.

மின்காந்தப் புல அடிப்படை மறந்திருந்தால் முதலில் அதைப் படித்துவிடுங்கள். நான் முதல் மூன்று வாரம் திணறினேன். அடுத்து இன்வர்ட்டர் (டிசி மின்சாரத்தை ஏசியாக்கும் சுற்று) இரைச்சலில் புராஜெக்ட் செய்யப் போகிறேன்.